மெமரி ஃபோம் மெத்தை வாங்கப் போகிறீர்களா? அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

வாசகி கேள்வி: எனக்கு 41 வயது. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஆறேழு மாதமாகக் காலையில் எழும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது, எழுந்து நடமாடினால் கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதுதான் வழக்கம். அந்தத் தோள் வலிக்கிறது, சில நாள் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது. என் எடை 60 கிலோ, கணவர் 95 கிலோ. அவர் புரண்டு படுத்தால் எனக்குத் தூக்கம் கலைந்துவிடும். எங்கள் ஸ்பிரிங் மெத்தைக்கு 11 வயது. நடுவில் தங்கை வீட்டில் நாலு நாள் தங்கியபோது வலி தெரியவில்லை, லீவில் ஓய்வாக இருந்ததால்தான் என்று நினைத்தேன். கடையில் எட்டு அங்குலமும் முழு மெமரி ஃபோம், ஆர்த்தோபெடிக் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். உறவினர்களோ வெறும் தரையில் படு, முதுகுக்கு அதுதான் நல்லது என்கிறார்கள். மெமரி ஃபோம் சூடு என்றும் கேள்விப்பட்டேன். எதை வாங்குவது? இன்னொன்று, தங்கை கைக்குழந்தையோடு வந்து தங்கப்போகிறாள். புது மெத்தையில் குழந்தையைப் படுக்கவைக்கலாமா?

பிசியோதெரபிஸ்ட் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது, போகிற போக்கில் எழுதிய அந்தத் தங்கை வீட்டு விஷயம்தான். ஓய்வும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் படுத்து எழுந்ததும் வருகிற வலி, நடமாடியதும் விலகுகிற வலி, வேறு இடத்தில் படுத்தால் வராத வலி என்று மூன்றும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது மெத்தையைத்தான். வீடு திரும்பிய பிறகு எத்தனை நாளில் வலி மறுபடி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஓரிரு இரவிலேயே வந்திருந்தால் சந்தேகம் இன்னும் பலப்படும். ஞாபகம் இல்லையென்றால், வீட்டிலேயே வேறு கட்டில் இருந்தால் ஒரு வாரம் அதில் படுத்துப் பாருங்கள். எந்தக் கடைக்கும் போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய, செலவே இல்லாத சோதனை இது.

மெத்தையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு விஷயத்தை உறுதிப்படுத்திக்கொள்கிறேன். உங்களுடைய பிடிப்பு கால் மணி நேரத்தில் விடுகிறது, அது எனக்கு நிம்மதி தருகிறது. அதுவே அரை மணி, ஒரு மணி என்று நீண்டு, பின்னிரவில் வலியால் எழுந்து நடந்தால்தான் தேவலை என்ற நிலை வந்தால், அது முதுகெலும்பு மூட்டுகளில் உண்டாகும் அழற்சியாக இருக்கலாம், வாத நோய் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். வலி காலுக்கு இறங்கிக் கால் பலமிழப்பது, தொடைகளுக்கு நடுவில் உணர்ச்சி குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வலியோடு காய்ச்சலோ, காரணமே இல்லாமல் எடை குறைவதோ இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். எந்த மெத்தையும் இதற்கெல்லாம் பதில் ஆகாது. கை மரப்பு பகலிலும் வருகிறதா, கையிலிருந்து சாமான் நழுவுகிறதா என்றும் கவனியுங்கள். அப்படி இருந்தால் கழுத்தையும் மணிக்கட்டையும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

சரி, இப்போது இருக்கிற மெத்தையைப் பார்ப்போம். என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவர் மூன்று மாதம் பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தார், பகல் வலி போய்விட்டது, காலை வலி மட்டும் அப்படியே இருந்தது. மெத்தையை ஒரு போட்டோ எடுத்து வரச் சொன்னேன். விரிப்பை எடுத்துவிட்டு, அவர் படுக்கும் இடத்தில் குறுக்கே ஒரு துடைப்பக் கம்பை வைத்து எடுத்துவந்தார். கம்புக்கும் மெத்தைக்கும் நடுவில் அவருடைய நாலு விரலும் அடுக்கி வைத்தாற்போல உள்ளே போயிருந்தன. இரவு முழுக்க அந்தக் குழிக்குள் இடுப்பு இறங்கிக் கிடக்கும்போது, முதுகுத் தசைகளுக்கு ஓய்வு ஏது? நீங்களும் இதே போலக் கம்பு வைத்துப் பாருங்கள். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பள்ளம் இருந்தால் அந்த மெத்தையின் காலம் முடிந்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன். உங்கள் வீட்டில் கணவர் பக்கம் பள்ளம் அதிகமாக இருக்கும். நீங்கள் அந்தச் சரிவில் உருண்டுவிடாமல் இருக்க, தூக்கத்திலேயே உடம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கவும் வாய்ப்புண்டு.

பள்ளத்தின் மேல் மெமரி ஃபோம் டாப்பர் ஒன்றை வாங்கி விரித்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது. மேலே போடுவது எதுவானாலும் அடியில் இருக்கிற பள்ளத்தின் வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். அடித்தளம் நன்றாக இருந்து மேற்பரப்பு மட்டும் கடினமாகத் தெரிகிறவர்களுக்குத்தான் டாப்பர் பயன்படும்.

அடுத்தது தரை. முதுகுவலி என்றதும் கடினமான இடத்தில் படு என்று சொல்வது தலைமுறை தலைமுறையாக வருகிற யோசனை, மருத்துவர்களே அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு. 2003இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கடினமான மெத்தையும் மற்றதற்கு நடுத்தரக் கடினம் உள்ள மெத்தையும் கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்தார்கள். லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. படுக்கையில் இருக்கும்போது வருகிற வலி, எழும்போது வருகிற வலி, அன்றாட வேலைகளுக்கு ஏற்படும் தடை எல்லாவற்றிலும் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே அதிக முன்னேற்றம் தெரிந்தது. ஒருக்களித்துப் படுக்கும் உங்களுக்குத் தரை இன்னும் மோசம். தோளும் இடுப்பெலும்பும் உள்ளே இறங்க இடமே இல்லாததால் மொத்த எடையும் அந்த இரண்டு புள்ளிகளில் விழும், இடுப்பு வளைவு அந்தரத்தில் தொங்கும். ஏற்கெனவே வலிக்கிற தோளுக்கு வேறு வினை வேண்டுமா?

இனி மெமரி ஃபோம். 1966இல் நாசாவுக்காக, விமான இருக்கைகளில் உட்காருகிறவர்களைப் பாதுகாக்க சார்ல்ஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் உருவாக்கிய பொருள் இது. உடம்பின் சூடும் எடையும் பட்டால் மெதுவாக இளகி இறங்கும், எடுத்தால் மெதுவாக மேலே வரும். உள்ளங்கையை அதன் மேல் பத்து விநாடி அழுத்தி எடுத்துப் பாருங்கள். ஐந்து விரலும் ரேகை போல அப்படியே பதிந்திருக்கும், பிறகு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பி மறையும். இதனால் இரண்டு லாபம். ஒன்று, தோளிலும் இடுப்பிலும் குவிகிற அழுத்தத்தைச் சுற்றிலும் பரப்பிவிடும். இரண்டாவது, ஒரு பக்கத்து அசைவு இன்னொரு பக்கம் போகாமல் அங்கேயே அடங்கிவிடும், கணவர் புரண்டால் உங்களுக்குத் தெரியாது. உங்களுடைய இரண்டு குறைகளுக்கும் இது பொருத்தமான பொருள்தான்.

ஆனால் கடையில் யாரும் எடுத்துச் சொல்லாத ஒன்று இருக்கிறது. மெமரி ஃபோம் முதுகைத் தாங்குவதில்லை. அழுத்தத்தைக் குறைப்பது அதன் வேலை, தாங்குவது அதற்கு அடியில் இருக்கிற அடுக்கின் வேலை. வாங்கப் போகிற எல்லோரும் மேலே அழுத்திப் பார்த்து, பஞ்சு மாதிரி இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு வாங்கிவிடுகிறார்கள், அடியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்பதே இல்லை. பிறகு ஒரே வருடத்தில் நடுவில் குழி விழுந்துவிட்டது என்று வருத்தப்படும்போது, குற்றம் அநேகமாக அந்த அடி அடுக்கில்தான் இருக்கும். எனவே உங்களிடம் காட்டிய எட்டு அங்குல முழு மெமரி ஃபோம் வேண்டாம். அப்படி முழுக்க மெமரி ஃபோமாகவே இருந்தால் இடுப்பு இறங்கிக்கொண்டே போகும், தடுத்து நிறுத்த அடியில் எதுவும் இருக்காது. பெரும்பாலும் அந்த எட்டு அங்குலத்தில் மேலே ஓர் அங்குலம்தான் மெமரி ஃபோம், மீதியெல்லாம் மலிவான சாதாரண ஃபோம் என்பதும் நடப்பதுதான். எது உண்மை என்று கேட்டால்தான் தெரியும்.

கேட்க வேண்டியது இதுதான்: எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் எத்தனை சென்டிமீட்டர், ஒவ்வொன்றின் அடர்த்தி எவ்வளவு? மெமரி ஃபோமுக்கு அடர்த்தி கன மீட்டருக்கு 50 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 50 முதல் 80 வரை உள்ளது வீட்டுக்கு நல்ல தரம். உங்கள் எடைக்கு மேலே 5 சென்டிமீட்டர் போதும், தோள் வலிப்பதால் 7 வரை போகலாம். அடியில் ஹெச்ஆர் ஃபோம் என்று சொல்கிற உறுதியான ஃபோமோ, தனித்தனி உறையில் வைத்த பாக்கெட் ஸ்பிரிங்கோ இருக்க வேண்டும். அடி ஃபோம் என்றால் 30 கிலோ அடர்த்திக்குக் கீழே எடுக்காதீர்கள், 95 கிலோ எடை உள்ளவர் படுக்கிற பக்கத்துக்கு அதற்கும் மேலே இருந்தால் இன்னும் நல்லது. இந்த எண்களைச் சொல்ல மறுக்கிற கடையில், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் நான் வாங்க மாட்டேன்.

இங்கே ஒரு குழப்பம் வரும். அடர்த்தி வேறு, கடினம் வேறு. அடர்த்தி என்பது ஒரு கன மீட்டரில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது, மெத்தை எத்தனை வருடம் உழைக்கும் என்பதை அதுதான் காட்டும். அடர்த்தி கூடின ஃபோம் மெத்தென்றும் இருக்கலாம், அடர்த்தி குறைந்தது கட்டையாகவும் இருக்கலாம். கடையில் கையால் அழுத்தினால் தெரிவது கடினம் மட்டும்தான். ஆர்த்தோபெடிக் என்ற சொல்லையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அதை மெத்தை மேல் அச்சடிக்க எலும்பு மருத்துவர் யாரும் சான்று தர வேண்டியதில்லை, விற்பனைக்காக வைக்கிற பெயர் அது. ஓயிகோ-டெக்ஸ், செர்ட்டிபூர் போன்ற முத்திரைகளுக்கு அர்த்தம் உண்டு, ஆனால் அவை தீங்கான ரசாயனங்களைப் பற்றிச் சொல்பவை, முதுகுக்கு ஏற்றதா என்பதைப் பற்றி அல்ல.

கடைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் படுப்பது போலவே, இடப்பக்கம் ஒருக்களித்து, தலைக்கு உங்கள் தலையணை உயரத்துக்கு எதையாவது வைத்துக்கொண்டு கால் மணி நேரம் படுங்கள். கூச்சப்படாதீர்கள், எட்டுப் பத்து வருடம் உடம்பைக் கிடத்தப்போகிற இடம். மெமரி ஃபோம் இளகி இறங்கவே சில நிமிடம் ஆகும், உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்தால் ஏமாந்துவிடுவோம். ஏசி குளிரில் வைத்திருக்கிற மெத்தை இன்னும் கட்டையாகத் தெரியும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் படுத்திருக்கும்போது கணவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பின்கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு ஏறக்குறைய நேர்கோட்டில் தெரிய வேண்டும். இடுப்பு கீழே தொங்கினால் மெத்தை உங்களுக்கு மிருது. இடுப்பும் தோளும் மேலேயே நின்று நடுவில் வளைந்தால் கடினம். அவர் மல்லாந்து படுப்பவர் என்றால், இடுப்புக்கு அடியில் உங்கள் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். தாராளமாகப் போய்வந்தால் கடினம், நுழையவே முடியாவிட்டால் அமிழ்கிறார் என்று அர்த்தம், லேசாக உரசிக்கொண்டு போனால் சரியாக இருக்கிறது. குப்புறப் படுப்பவராக இருந்தால், மெமரி ஃபோமில் வயிறு இறங்கி முதுகு பின்பக்கம் வளையும், அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லித்தான் நான் எப்போதும் கெஞ்சுவேன்.

எழுவதற்கு முன் கண்டிப்பாக ஒருமுறை மறுபக்கம் புரண்டு பாருங்கள். சுலபமாகப் புரள முடிகிறதா, இல்லை சேற்றில் சிக்கினாற்போல் முண்டி எழ வேண்டியிருக்கிறதா? மெமரி ஃபோமுக்கு உள்ள உண்மையான குறை இதுதான். முழங்கால் வலி உள்ள வயதான அம்மா ஒருவருக்கு அவருடைய பிள்ளைகள் ஆசையாக ஒரு தடித்த மெமரி ஃபோம் மெத்தை வாங்கிப் போட்டார்கள். இரவில் திரும்பிப் படுக்கவும் ஓரத்தில் உட்கார்ந்து எழவும் முடியாமல், சொன்னால் பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று இரண்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். கேட்டபோது எனக்கு மனசு தாங்கவில்லை. வீட்டில் முதியவர்கள், உடல் பலம் குறைந்தவர்கள், பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள் இருந்தால் அவர்களுக்கு மேலடுக்கு மெல்லியதாகவும் ஓரம் உறுதியாகவும் உள்ளதாகப் பாருங்கள், லேடெக்ஸ் மெத்தையும் அவர்களுக்கு ஏற்றது, அழுத்தினால் உடனே மேலே தள்ளும்.

உங்கள் இருவருக்கும் 35 கிலோ வித்தியாசம் இருக்கிறதே, அதற்கு நான் விரும்பிச் சொல்லும் வழி, ஒரே பெரிய மெத்தையாக எடுக்காமல் ஒரே உயரத்தில் இரண்டு ஒற்றை மெத்தைகளை அருகருகே போட்டு ஒரே விரிப்பு விரிப்பது. அவருக்கு உறுதியானது, உங்களுக்கு அதைவிட ஒரு படி மிருதுவானது. நடுவில் ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். உங்கள் பக்கம் அவருடைய பள்ளமும் வராது, அசைவும் வராது.

சூடு என்று கேட்டீர்கள், உண்மைதான். உடம்பு உள்ளே பதிவதால் சுற்றிலும் காற்று போக இடம் குறைகிறது. ஜெல் கலந்தது என்று விற்பார்கள், படுத்த கொஞ்ச நேரத்துக்குக் குளுமையாக இருக்கும், அப்புறம் அதுவும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். அதைவிட, மேலடுக்கு 5 சென்டிமீட்டரோடு நிற்பதும், அடியில் பாக்கெட் ஸ்பிரிங் இருப்பதும், பருத்தி விரிப்பும்தான் பலன் தரும். இரவில் வியர்த்து எழுகிற ஆள் நீங்கள் என்றால் ஸ்பிரிங் மேல் மெமரி ஃபோம் வைத்த கலப்பு மெத்தையையே எடுங்கள்.

வாங்கிய பிறகு: சுருட்டி வருகிற மெத்தை முழுதாக விரிய ஒன்றிரண்டு நாள் ஆகலாம், புது வாசனையும் சில நாள் இருக்கும், ஜன்னலைத் திறந்துவைத்து வாசனை போன பிறகு படுங்கள். கட்டிலில் சட்டங்கள்தான் இருக்கின்றன என்றால் இடைவெளி 7 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, இல்லாவிட்டால் ஃபோம் அந்தச் சந்துகளில் இறங்கும். தண்ணீர் படக் கூடாது, நல்ல வெயிலிலும் போடக் கூடாது. மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றிப் போடலாம், ஆனால் அடியை மேலாகப் புரட்டாதீர்கள். வாரண்டி அட்டையில் வருடத்தைப் பார்க்காமல், எத்தனை சென்டிமீட்டர் குழி விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். படுத்துப் பார்த்துத் திருப்பித் தரும் வசதி இருந்தால் குறைந்தது ஒரு மாதமாவது இருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் உடம்புக்குப் புதிதாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மாதம் கழித்தும் காலை வலி அப்படியே இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு நேரில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

தலையணையை மறந்துவிடாதீர்கள். புது மெத்தையில் தோள் உள்ளே இறங்கும், அப்போது பழைய தலையணை உயரமாகிவிடும், கழுத்து மேல்பக்கம் ஒடியும். நல்ல மெத்தை வாங்கியும் கழுத்துவலி வந்துவிட்டது என்று வருகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். மூக்கு, மோவாய், நெஞ்சின் நடு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கிற உயரம்தான் உங்கள் உயரம். இரண்டு முழங்காலுக்கு நடுவில் ஒரு தலையணையும், மேல் கையை அணைத்துக்கொள்ள இன்னொன்றும் வைத்துக்கொள்ளுங்கள். இடத்தோளின் மேல் நேராகப் படுக்காமல், தோளைச் சற்று முன்னால் இழுத்துவிட்டுப் படுத்தால் கை மரப்பது குறையும். சில இரவுகள் வலப்பக்கத்துக்கும் வாய்ப்புக் கொடுங்கள். இதையெல்லாம் மெத்தை வரும்வரை காத்திருக்காமல் இன்று இரவே தொடங்கலாம்.

காலையில் எழுந்ததும் நேராகக் குனியாதீர்கள். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்பு டிஸ்குகள் நீரை உறிஞ்சிச் சற்று உப்பியிருக்கும், அந்த நேரத்தில் குனிந்தால் அவற்றின் மேல் வழக்கத்தைவிட அதிகமான அழுத்தம் விழும். எழுந்து முதல் அரை மணி, ஒரு மணி நேரம் கீழே கிடப்பதை எடுப்பது, வாளி தூக்குவது எல்லாவற்றையும் தள்ளிவைத்து, முதலில் கொஞ்சம் நடந்துவிடுங்கள்.

கடைசியாகத் தங்கையின் குழந்தை. வேண்டாம். மெமரி ஃபோமில் கைக்குழந்தையைத் தூங்கவைக்கவே கூடாது. குழந்தை புரண்டு முகம் அதில் பதிந்துவிட்டால், தலையைத் தூக்கித் திருப்பிக்கொள்ளும் பலம் அதற்கு இருக்காது, மூச்சு அடைத்துவிடும். உறுதியான, சமமான பரப்பில், தலையணையோ மெத்தென்ற போர்வையோ எதுவும் இல்லாமல், குழந்தைக்கென்று உள்ள தனிக் கட்டிலில் மல்லாத்திப் படுக்கவையுங்கள். பகலில் ஐந்து நிமிடம்தானே, நாம் பக்கத்திலேயேதானே இருக்கிறோம் என்றுகூட வேண்டாம். அசந்து தூங்கிவிடுவது பெரியவர்களும்தான். தங்கை வருவதற்கு முன்பே அந்தக் கட்டிலை ஏற்பாடு செய்து, அவளிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.